லண்டன் டைரி - 17: பிரிண்டருக்கு ஆயுசு முடிஞ்சு போச்சாம்!

ரெண்டு வாரமா ஆளைக் காணோமே என்று விசாரித்த ரெண்டு பேருக்கும் நன்றி. (அதில் ஒருத்தி என் தங்கச்சி. ஆக, உண்மையான வாசகர் ஒருவர்!) படிப்பில் மூழ்கிவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனா உண்மை என்னன்னா, ஒரு பிரிண்டரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். அதுவும் என் பிரிண்டர் கூட இல்லை.

ஈஸ்ட் ஹாமில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவைப் பற்றி முன்னாடியே எழுதியிருக்கேன். யாழ்ப்பாணத்துக்காரர். நான் "ஆன்ட்டி" என்பேன், அவர் அதை "அன்ரி" என்று திருத்துவார். ஒரு வருஷமா இந்தச் சண்டை ஓடுது. வயசு அறுபத்தெட்டு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். சம்பளம் எல்லாம் கிடையாது. பயிற்சித்தாள், படம் வரையும் தாள், சோதனைத்தாள் எல்லாம் வீட்டு ஹாலில் இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டரில்தான் அடிப்பார், சொந்தக் காசில்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. கீழேருந்து குரல்.

"தம்பி, இந்த பிரிண்டர் என்னவோ சொல்லுது. ஒருக்கா வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு விளக்கு ரெண்டும் மாறி மாறி மின்னுது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு அறிவிப்பு. தமிழில் சொன்னால் இதுதான்: "இங்க் பேடின் சேவைக்காலம் முடிவடைந்துவிட்டது. சேவை மையத்தை அணுகவும்." பேப்பர் சிக்கலை, இங்க் தீரலை. நாலு நாளைக்கு முன்னாடிதான் புது கார்ட்ரிட்ஜ் போட்டிருக்கார். ஆனா ஒரு பக்கம் கூட அடிக்க மாட்டேங்குது. ஸ்கேன் கூடப் பண்ண மாட்டேங்குது! ஸ்கேனுக்கும் இங்குக்கும் என்னய்யா சம்பந்தம்?

"நாளைக்குப் பிள்ளையளுக்குச் சோதினை. இருபத்தெட்டுப் பிள்ளையள். நான் இப்ப என்ன செய்யிறது?"

இருபத்தெட்டுப் பேர், ஆளுக்கு நாலு பக்கம், மொத்தம் 112 பக்கம். ஹை ஸ்ட்ரீட்டில் எல்லாக் கடையும் மூடியாச்சு. அப்புறம் என்ன, பென் டிரைவை எடுத்துக்கிட்டு டிஸ்ட்ரிக்ட் லைனைப் பிடிச்சு, ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் எங்க யுனிவர்சிட்டி நூலகத்துக்குப் போய் அடிச்சுட்டு வந்தேன். பக்கத்துக்கு 5 பென்ஸ். பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சீனப் பையன், பிரிண்டரிலிருந்து "ஆடு, இலை, ஈட்டி" என்று கட்டுக்கட்டாக வருவதைப் பார்த்து என்ன நினைச்சானோ தெரியலை.

சோதனை நடந்தது. பிரிண்டர் மட்டும் அப்படியே மின்னிக்கிட்டே இருந்தது.

இனிமேதான் கதையே.

இந்த "இங்க் பேட்" என்றால் என்ன? எனக்கும் அன்னிக்குத்தான் தெரியும். இங்க்ஜெட் பிரிண்டரின் தலையில் முடியை விட மெல்லிய நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கின்றன. அதன் வழியாக சில பிக்கோலிட்டர் அளவில் சொட்டுச் சொட்டாக மை தெறிக்கிறது. ஒரு பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. கேனான் கம்பெனியில் 1977ல் இச்சிரோ எண்டோ என்ற எஞ்சினியர், சூடான சால்டரிங் அயர்ன் தெரியாமல் ஊசியில் பட்டு மை பீச்சியடித்ததைப் பார்த்துத்தான் சூட்டினால் மையைத் தெறிக்கவிடும் வழியைப் பிடித்தார் என்று சொல்வார்கள். எப்சன் போன்றவை சூட்டுக்குப் பதிலாக மின்சாரம் கொடுத்தால் வளையும் ஒரு படிகத்தை வைத்து மையைத் தள்ளுகின்றன.

எப்படித் தள்ளினாலும் ஒரு பிரச்சினை பொது. துளை அவ்வளவு சின்னது என்பதால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் பிரிண்டர் அடிக்கடி தானே மையை உறிஞ்சித் துப்பி வாயைக் கொப்பளித்துக்கொள்கிறது. ஆன் பண்ணியதும் "கர்ர்... டக் டக்" என்று ஒரு நிமிஷம் சத்தம் வருமே, அதில் ஒரு பகுதி இதுதான். கொப்பளித்த மை எங்கே போகும்? பிரிண்டரின் அடிவயிற்றில் ஃபெல்ட் துணி மாதிரி ஒரு பஞ்சு மெத்தை இருக்கிறது. அது உறிஞ்சிக்கொள்ளும். போட்டோவை ஓரம் விடாமல் அடித்தால் விளிம்பைத் தாண்டித் தெறிக்கும் மையும் அதற்குத்தான் போகும். சுருக்கமாகச் சொன்னால், நாம் காசு கொடுத்து வாங்கும் மையில் ஒரு பங்கு தாளையே பார்க்காமல் நேரே குப்பைக்குப் போகிறது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2013ல் சோதித்துப் பார்த்தபோது, எப்பவாவது ஒருமுறை பயன்படுத்தினால் பல மாடல்களில் மையில் பாதியோ அதற்கும் குறைவோதான் தாளுக்கு வந்து சேர்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

இதில் வேடிக்கை என்னன்னா, பல பிரிண்டர்களில் அந்தப் பஞ்சு நிரம்பிவிட்டதா என்று பார்க்க எந்தக் கருவியும் இல்லை. உள்ளே ஒரு சிப்பில் ஒரு எண் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு தடவை கொப்பளிக்கும்போதும் "இத்தனை மை போயிருக்கும்" என்று ஒரு கணக்கைக் கூட்டிக்கொண்டே போகும். எண் எல்லையைத் தொட்டதும் கடையைச் சாத்திவிடும். பஞ்சில் இருக்கும் ஈரம் எவ்வளவு காய்ந்தது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

இதெல்லாம் தெரிந்த தைரியத்தில் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். (எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. கேட்காதீங்க.)

முதல் நாள் இணையதள அரட்டைப் பெட்டி. பிரச்சினையை நாலு வரியில் எழுதினேன். "இங்க் வாங்க விரும்புகிறீர்களா?" என்று கேட்டது. இல்லை என்றேன். "உங்களுக்கு உதவ முடிந்ததில் மகிழ்ச்சி" என்று சொல்லி மூடிக்கொண்டது.

ரெண்டாம் நாள் போன். நாற்பது நிமிஷம் பியானோ இசை. நடு நடுவே "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்". அப்புறம் ஒரு பெண் எடுத்தார். ரொம்பத் தன்மையான குரல். பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிஷம் கழித்துச் செருகச் சொன்னார், செருகினேன். வேறு யுஎஸ்பி கேபிள் போடச் சொன்னார், போட்டேன். கடைசியில் வந்தது தீர்ப்பு: வாரன்டி முடிஞ்சு போச்சு, இது வாடிக்கையாளர் மாற்றக்கூடிய பாகம் இல்லை, அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்கு அனுப்பலாம். பரிசோதனைக் கட்டணம் 65 பவுண்ட், கூரியர் தனி.

பிரிண்டர் வாங்கிய விலையே 70 பவுண்ட்!

"அந்தப் பஞ்சை மட்டும் விற்பீர்களா?"

"மன்னிக்கவும், அது தனியாக விற்பனைக்கு இல்லை."

"பஞ்சு உண்மையிலேயே நிரம்பியிருக்கா?"

"நிரம்பிவிட்டது என்று பிரிண்டர் சொல்கிறதே, சார்."

இதற்கு மேல் என்ன கேட்பது? முடிக்கும்போது, புது மாடல் வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி என்றார். கோபம் வந்தது. ஆனா அவர் மேல் இல்லை. என் காலேஜ் நண்பர்கள் எத்தனை பேர் சென்னையில் ராத்திரி ஷிஃப்டில் இதே மாதிரி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எழுதிக் கொடுத்ததைப் படித்துத் திட்டு வாங்கியிருக்கிறார்கள்! அவர் கையில் கொடுத்திருக்கும் தாளில் "பஞ்சை மாற்று" என்ற வரி இல்லை. அவ்வளவுதான்.

ஹாலில் ஆன்ட்டி எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். சேவைக்காலம் முடிந்தது என்பதைத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பிரிண்டரையே பார்த்தார்.

"மூண்டு வருசம்தானே தம்பி? எனக்கு அறுபத்தெட்டு. எனக்குச் சேவைக்காலம் முடிஞ்சுது எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. பென்ஷன் காசில் கறிவேப்பிலைக்குக் கூடக் கணக்குப் பார்க்கும் மனுஷி. இன்னொரு 70 பவுண்ட் போட்டுப் புதுசு வாங்குவார், எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தாள் இல்லாமல் போக விடமாட்டார். மூணு வருஷம் கழித்து அதுவும் இதே மாதிரி மின்னும்.

சட்டம் என்ன சொல்லுது என்று பார்த்தேன். இங்கே படிக்க வந்திருக்கும் மக்களுக்கு இது உதவும், குறிச்சு வெச்சுக்குங்க. பிரிட்டனில் 2015ல் வந்த நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, நாம் மல்லுக்கு நிற்க வேண்டியது தயாரித்த கம்பெனியிடம் இல்லை, விற்ற கடைக்காரரிடம். பழுதான பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். 6 மாதத்துக்குள் கெட்டால், வாங்கும்போதே இருந்த குறை என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று கடைதான் நிரூபிக்கணும். அதுக்கப்புறம் நிரூபிக்கும் வேலை நம்முடையது. இங்கிலாந்தில் 6 வருஷம் வரைக்கும் கேட்க வழியுண்டு. கம்பெனி வாரன்டி ஒரு வருஷத்தில் முடிந்தாலும் இந்த உரிமை முடிவதில்லை. பில் இல்லாவிட்டாலும் பேங்க் ஸ்டேட்மென்ட் போதும்.

"ஆன்ட்டி, பில் இருக்கா?"

"அது பெட்டிக்குள்ள இருந்தது. பெட்டியை எறிஞ்சிட்டன்."

"கார்டுல வாங்கினீங்களா?"

"காசு குடுத்துத்தான் வாங்கினனான்."

சுபம்.

பிரான்ஸில் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே எடுத்துக்கொண்டார்கள். வேண்டுமென்றே பொருளின் ஆயுளைக் குறைத்து விற்பது அங்கே 2015லிருந்து குற்றம். 2 வருஷம் வரை சிறை, 3 லட்சம் யூரோ வரை அபராதம். அதை வைத்து 2017 செப்டம்பரில் 'ஹாப்' என்ற அமைப்பு பிரிண்டர் கம்பெனிகள் மேல் புகார் கொடுத்தது. எப்சன், எச்பி, கேனான், பிரதர் என்று நாலு பேரைக் குறிப்பிட்டார்கள். மை மிச்சமிருக்கும்போதே கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது என்று காட்டுவது, இந்தப் பஞ்சு நிரம்பிவிட்டது என்று நிறுத்துவது, ரெண்டும் அந்தப் புகாரில் உண்டு. அந்த வருஷக் கடைசியில் எப்சன் மேல் விசாரணை தொடங்கியது. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது.

பிரிட்டனிலும் 2021 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை என்று விதிகள் வந்தன. வாஷிங் மெஷினுக்கு உண்டு, ஃபிரிட்ஜுக்கு உண்டு, டிவிக்கு உண்டு. உதிரிபாகம் இத்தனை வருஷம் கிடைக்கணும் என்று சொல்லுது. பிரிண்டர் அந்தப் பட்டியலில் இல்லை. :-(

சட்டம் கைவிட்டதும் நான் போனது ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு. நேரில் இல்லை, வாட்ஸ்அப் வீடியோவில். அங்கே ஒரு சின்னக் கடையில் பிரிண்டர் சர்வீஸ் பண்ணும் கூட்டாளி ஒருத்தன் இருக்கான். டிப்ளமோ படிப்பைப் பாதியில் விட்டவன். மின்னுகிற விளக்கைக் காட்டினேன். அஞ்சு செகண்ட் கூட ஆகலை.

"மச்சி, அது சாகல. கவுன்ட்டர் ஃபுல்லு. பேட மாத்தி, ரீசெட் அடிச்சா ஓடும். டெய்லி நாலு வருது எனக்கு."

அவங்க பஞ்சைக் கழட்டிக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டுத் திரும்பப் போட்டுடுவாங்களாம். நிறைய அடிக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு, கழிவு மைக் குழாயை வெளியே இழுத்து ஒரு பாட்டிலில் விட்டுடுவாங்களாம். பாட்டில் நிரம்பினா கொட்டிக்கலாம். நாற்பது நிமிஷம் பியானோ கேட்டும் கிடைக்காத பதில்!

நவம்பர் மாச லண்டனில் வெயிலுக்கு எங்கே போவேன்? இணையத்தில் 9 பவுண்டுக்கு வேறு யாரோ தயாரித்த மாற்றுப் பஞ்சு கிடைத்தது. ரீசெட் மென்பொருளைத்தான் நான் பயந்தேன். கண்ட கண்ட தளத்திலிருந்து இறக்கினால் பிரிண்டர் பிழைக்கும், லேப்டாப் செத்துடும் என்று கூட்டாளியே எச்சரித்தான். அப்புறம்தான் இங்கே நடக்கும் பழுதுபார்க்கும் கூட்டங்கள் ஞாபகம் வந்தது. லண்டனில் ரீஸ்டார்ட் ப்ராஜெக்ட் என்று ஒரு தொண்டு அமைப்பு பத்து வருஷத்துக்கு மேலா இந்த மாதிரிக் கூட்டங்களை ஊக்குவிக்கிறது. கெட்டுப்போன பொருளைக் கொண்டுபோனால், விஷயம் தெரிந்த தன்னார்வலர்கள் நம்மோடு உட்கார்ந்து சரிபண்ணப் பார்ப்பார்கள். நாமும் கூட உட்காரணும், அதுதான் முறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிண்டரைக் குப்பைப் பையில் சுற்றி, சாய்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு 58ஆம் நம்பர் பஸ்ஸில் நானும் ஆன்ட்டியும் வால்தம்ஸ்டோ பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போனோம். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. ரிட்டயர்டு டெலிபோன் எஞ்சினியர். பின்பக்கம் ஒரே ஒரு திருகு. கழட்டினால் பஞ்சு வந்துவிட்டது. ஒரே திருகு, மக்களே!

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். பஞ்சு கிட்டத்தட்ட நிஜமாவே ஊறியிருந்தது. ஒரு ஓரம் மட்டும் காய்ந்திருந்தது, மற்றதெல்லாம் கரேல். பஞ்சை மாற்றாமல் எண்ணை மட்டும் ரீசெட் பண்ணியிருந்தால், ஆன்ட்டியோட வெள்ளை மேசைவிரிப்பு காலி. ஆக பிரிண்டர் நின்றது சரிதான். கம்பெனி மேல் எனக்கிருக்கும் வழக்கு அது இல்லை. நின்றதும் கதவைப் பூட்டி, சாவி எங்களிடம் மட்டும்தான் என்று சொன்னார்களே, அதுதான். எண்ணெய் மாத்தணும் என்று வண்டி நின்றால் யாராவது வண்டியையே தூக்கிப் போடுவாங்களா?

அந்தச் சாவியை நம்மிடம் கொடுக்க முடியாது என்பதும் உண்மை இல்லை. எப்சன் வட அமெரிக்காவில் ஒருமுறை மட்டும் வேலை செய்யும் ரீசெட் மென்பொருளை இலவசமாகவே கொடுத்திருக்கிறது. எப்சன், கேனான் மாடல்கள் பலவற்றில் இந்தப் பஞ்சை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, நாமே உருவி மாற்றும்படி செய்திருக்கிறார்கள். "மெயின்டனன்ஸ் பாக்ஸ்" என்று இருக்கும். அதனால் இனி பிரிண்டர் வாங்குகிறவர்கள் விலையையும் பக்க வேகத்தையும் பார்ப்பதற்கு முன்னாடி இந்தப் பெட்டி இருக்கா என்று பாருங்க.

பஞ்சு மாற்றியாச்சு. தாத்தா தன் லேப்டாப்பில் எண்ணைச் சைபராக்கினார். விளக்கு பச்சை. ஆன்ட்டி கைதட்டியே விட்டார்.

அப்புறம் தாத்தா ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு சீக்கிரம் நிரம்பியிருக்கக் கூடாதே. பிரிண்டரை எப்படி அணைப்பீர்கள்?"

ஆன்ட்டி பெருமையாகச் சொன்னார்: தினமும் ராத்திரி சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுவாராம். கரண்ட் மிச்சம்!

தாத்தா தலையில் கைவைத்தார். பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானில் அணைத்தால்தான் தலை ஓரமாகப் போய் மூடிக்குள் உட்காரும். சுவர் சுவிட்சில் பட்டென்று அணைத்தால் சில நேரம் தலை திறந்தபடியே நின்று காயும். போதாததுக்கு, பல மாடல்களில் கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று தெரியாமல், எதுக்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை கொப்பளித்துக்கொள்ளும். மூணு வருஷம், தினம் ஒரு கொப்பளிப்பு. சில பென்ஸ் கரண்டை மிச்சம் பிடிக்க, மையைப் பவுண்ட் பவுண்டாகப் பஞ்சில் ஊற்றியிருக்கிறோம். எங்க வீட்டில் என் அப்பாவும் மெயின் சுவிட்ச் வரை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். நான் சிரிக்கலை.

"அப்ப நான்தான் இதைக் கொண்டனான் எண்டு சொல்லுறாரோ?" என்று பஸ்ஸில் கேட்டார்.

"இல்லை ஆன்ட்டி. உங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலை, அவ்ளோதான்."

யோசித்துப் பார்த்தால் அதுதான் எனக்கு வலிக்குது. பெட்டிக்குள் வந்த கையேட்டில் எங்கேயாவது சின்ன எழுத்தில் இருந்திருக்கும். ஆனா இங்க் குறையுது, வாங்கு வாங்கு என்று திரையில் குதித்துக் குதித்துச் சொல்லத் தெரிந்த கம்பெனிக்கு, "சுவரில் அணைக்காதே" என்று ஒரு வரி சொல்லத் தெரியலை.

ஆன கணக்கு: பஞ்சு 9 பவுண்ட், உண்டியலில் போட்டது 5, எனக்கு பஸ் 3.50. (ஆன்ட்டிக்கு வயசுச் சலுகை அட்டை இருக்கு.) ஆக 17 பவுண்ட் 50 பென்ஸ். அரட்டைப் பெட்டியும் பியானோவும் தனி.

நான் கத்துக்கிட்டது, உங்களுக்கும்:

1. பிரிண்டரை அதன் பொத்தானில் மட்டும் அணைக்கவும். விளக்கு அணைந்து சத்தம் நின்ற பிறகு சுவர் சுவிட்சைத் தொடலாம், ஆனா தினமும் வேண்டாம்.

2. வாரம் ஒரு கலர் பக்கமாவது அடிக்கவும். காய விட்டுட்டு அப்புறம் "ஹெட் கிளீனிங்" கொடுப்பது மைக்கும் பஞ்சுக்கும் கேடு. கோடு விழுந்தால் முதலில் நாசில் செக் தாளை அடித்துப் பாருங்க. தேவையில்லாமல் கிளீனிங் வேண்டாம்.

3. "சேவைக்காலம் முடிந்தது" என்று சொன்னால் உடனே குப்பையில் போடாதீங்க. பஞ்சை மாற்றாமல் வெறும் ரீசெட்டும் பண்ணாதீங்க.

4. பில்லைப் போட்டோ எடுத்து வைக்கவும். (ஆன்ட்டி, இது உங்களுக்கு.)

போன வெள்ளிக்கிழமை ராத்திரி கீழே "கர்ர்... டக் டக்" சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். தட்டில் சூடாகப் பயிற்சித்தாள்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "அ", பக்கத்தில் அணில். அணிலுக்கு வால் ஓரத்தில் லேசா ஒரு வெள்ளைக் கோடு.

"கிளீனிங் குடுக்கட்டோ தம்பி?"

"வேணாம் ஆன்ட்டி! அணில்னா முதுகில் கோடு இருக்கத்தானே செய்யும்?"

"அன்ரி" என்று திருத்தினார். பொத்தானில்தான் அணைத்தார், கவனிச்சுட்டேன். :-)

பி.கு: உங்க வீட்டு பிரிண்டர், மிக்ஸி, வாட்ச் எதையாவது கம்பெனி கைவிட்டு நம்மூர்க் கடைக்காரர் பிழைக்க வைத்த கதை இருந்தால் சொல்லுங்க. அடுத்த வாரம் அசைன்மென்ட் கெடு இருக்கு. அதனால் கண்டிப்பா பதிவு வரும்.